ஒன்பதாம் தாளின் மஞ்சள்

மார்ச் 2

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணி எழுதுகிறேன். "இனிமே உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. படிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்தக் கடிதம் நுழைகிறது.

நேற்று நடந்ததை என் பக்கமிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சமையலறை ஜன்னலில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பு போட்டு, பதினான்கு தாள்களைத் தொங்கவிட்டுக் குளிக்கப் போனாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவை பிசுக்கு ஏறிய பிளாஸ்டிக் உறைகளாகத் தெரிந்தன. பாவம், அலசிப் போட்டிருக்கிறாள், ஆனால் அலசத் தெரியவில்லை என்று நினைத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பத்து நிமிடம் கழித்துக் கையை விட்டால் வாளியில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று கூழ். எத்தனையோ அழுக்கைக் கழுவிப் போக்கியிருக்கிறேன். பொருளையே கழுவிப் போக்கியது இதுதான் முதல் தடவை.

"மூணு மாச வேலை அண்ணி!" என்று நீ கத்தினபோது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில், "ஜன்னல்ல தொங்குனா அது வேலைன்னு எப்படிடி கண்டுபிடிக்கிறது?" என்றேன். அதோடாவது நிறுத்தினேனா? "அடுப்புல பாலை வச்சுட்டு ஆகாசத்தைப் பாக்குறவளுக்கு வேற எப்படி நடக்கும்?" என்றும் கேட்டுவிட்டேன். உன் அண்ணன் நடுவில் வந்து, "சாப்பிட்டுட்டு சண்டை போடுங்களேன், தெம்பா இருக்கும்" என்றார். நீ சாப்பிடாமலே போய்விட்டாய். உனக்கு வைத்த தட்டை இரவுவரை மூடியே வைத்திருந்தேன்.

காலையில் பிரார்த்தனையில் உட்கார்ந்தால் அந்த வாளிதான் கண்ணுக்குள் வருகிறது. ஆகவே ஒரு யோசனை. அந்தத் தாளை எப்படிச் செய்வது என்று எழுது. பதினான்கு போயிற்று, பதினான்கு செய்து தருகிறேன். என் குறிப்பு நோட்டு உனக்குத் தெரியும். ரொட்டி மாவில் உப்பு அரை கிராம் கூடினால்கூட அதில் தேதியோடு இருக்கும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் தராசைப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
கழுவின கையோடு,
அண்ணி


மார்ச் 9

அண்ணி,

கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டிலேயே வேண்டுமானாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கழுவியது தப்பு. ஆனால் கழுவினதும் கரைந்ததே, அது என் தப்பு. ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

அந்தத் தாள் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்தது. நாற்றுப்பண்ணைகளில் செடி வைத்து விற்கும் கறுப்பு பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதற்குப் பதிலாக இதில் பை செய்யவேண்டும் என்பதுதான் இந்த ஒன்றரை வருடமாக எனக்குக் கொடுத்திருக்கும் வேலை. பையோடு நட்டால் மண்ணுக்குள் மக்கிவிட வேண்டும். அது நன்றாகவே மக்குகிறது. பிரச்சினை என்னவென்றால், நடுவதற்கு முன்பே மக்கத் தயாராக நிற்கிறது! ஒரு பூவாளித் தண்ணீர் ஊற்றினால் பை போச்சு.

ஏப்ரல் 20ஆம் தேதி நாற்றுப்பண்ணைக்காரர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறார். அவர் கண்ணெதிரே பூவாளி பிடித்து ஊற்றிக் காட்ட வேண்டும். பை நின்றால் வேலை தொடரும். நிற்காவிட்டால் என் மேசையை எடுத்துவிட்டு, என்னைப் பெயிண்ட் பகுதியில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க அனுப்பிவிடுவார்கள். துறைத் தலைவி அப்படித்தான் சொல்லியிருக்கிறார், சிரித்துக்கொண்டே.

இங்கே கை போதவில்லை, அதனால் மட்டும்தான் சம்மதிக்கிறேன். மாவு இருபது கிராம், தண்ணீர் நானூறு மில்லி, கிளிசரின் ஆறு கிராம், எலுமிச்சை உப்பு (கடையில் சிட்ரிக் அமிலம் என்று கேளுங்கள்) இரண்டு கிராம். கட்டி தட்டாமல் கிளறி, கொதி வந்து கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, தட்டில் ஊற்றிப் பரப்பி, இரண்டு நாள் ஜன்னலோரம் காயவைத்து உரிக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் எண் போடுங்கள். கண்ணளவு கூடாது. "கொஞ்சம் வாசனைக்கு" என்று எதையும் போடக் கூடாது. உங்களைத் தெரியும்.

சுண்டெலி

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவர்மேல் கோபமில்லை. பாதிதான்.


மார்ச் 17

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஐந்து தாள் இத்துடன். முதல் மூன்றில் என் மானம் போயிருக்கிறது.

முதலாவதில் கட்டி தட்டிவிட்டது. இத்தனை வருஷம் கஞ்சி காய்ச்சினவள் கையில்! இரண்டாவதில் கிளிசரின் பிசுபிசுப்பாக இருக்கிறதே, இவ்வளவு எதற்கு என்று இரண்டு கிராம் குறைத்தேன். (நீ கத்துவது இங்கே கேட்கிறது.) உரிக்கும்போது சருகு மாதிரி சடசடவென்று உடைந்தது. புத்தி வந்து மூன்றாவதில் இரண்டு கிராம் கூட்டினேன். அன்று மழை. தாள் காயவே இல்லை. உன் அண்ணன் அதன்மேல் முழங்கையை ஊன்றிப் பேப்பர் படித்தார். பேப்பர், தாள், முழங்கை மூன்றும் ஒரே குடும்பமாகிவிட்டன. "என் தங்கச்சி கண்டுபிடிச்சது பை இல்ல, பசை" என்றார். வெந்நீர் ஊற்றிப் பிரித்தேன்.

நான்காவதும் ஐந்தாவதும் நீ சொன்னது சொன்னபடி. கண்ணாடி மாதிரி வந்தன. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் எதிர்வீட்டு மாடிப்படி தெரிகிறது.

கிளறும்போது யோசித்தேன். மாவு தனியாக இருந்தால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு வளைய மாட்டேன் என்கிறது. கிளிசரின் நடுவில் போய் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்கப்பா" என்கிறது. அதிகமாகப் போனால் எல்லாரையும் பிரித்துவிடுகிறது. உன் அண்ணன் நமக்கு நடுவில் வந்து நிற்பதைப் போல. இது சரியா, இல்லை சமையல்கட்டுப் பேச்சா? அப்புறம், எலுமிச்சை உப்பு என்ன வேலை செய்கிறது? அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

கிளிசரினைப் பற்றி நீங்கள் எழுதியதை உணவு இடைவேளையில் படித்துக் காட்டினேன். எங்கள் கூடத்தில் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'தராசு' என்போம். டீத்தூளையும் எடைபோட்டுத்தான் போடுவார். அவர், "உங்க அண்ணிய இங்க வேலைக்கு வரச் சொல்லுங்க, நான் போய் உங்க அண்ணனுக்கு சமைக்கிறேன்" என்றார். சரிதான் அண்ணி. நீங்கள் சொன்னது அப்படியே சரி.

எலுமிச்சை உப்பின் வேலை நேர்மாறானது. மாவின் இழைகளைக் கைகோத்து நிற்கவைப்பது. கை கோத்தால் தண்ணீர் வந்தாலும் பிரியாது. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் மேசையில் மட்டும் அது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்கிறது. காய்ந்த தாளுக்குச் சூடு காட்டினால் கோக்கும் என்று ஒரு தடவை கூடத்து அடுப்பில் (அதுவும் உங்கள் ஓவன் மாதிரிதான்) வைத்துப் பார்த்தோம். வெளியே எடுத்த கணமே நெடுக வெடித்துப்போனது. நான்கு தாள் அப்படிப் போனபிறகு தலைவி அந்த வழியையே மூடிவிட்டார்.

உங்கள் நான்கும் ஐந்தும் தண்ணீரில் எட்டு நிமிடம் நின்றன. எங்களுடையதும் எட்டுதான். அதாவது நீங்கள் எங்கள் அளவுக்குத் தோற்றுவிட்டீர்கள். பாராட்டுகள்.

சுண்டெலி


மார்ச் 31

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஆறு முதல் பன்னிரண்டுவரை ஏழு தாள். ஒவ்வொன்றின் எடையும் கொதித்த நேரமும் காய்ந்த நேரமும் தனிச் சீட்டில் இருக்கின்றன. ஒன்பதாவது மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். அன்றைக்கு ஜன்னலில் வெயில் ஜாஸ்தி. வேறொன்றுமில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை. ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். உன் அண்ணன் பாயைத் தட்டுகிறேன் பேர்வழி என்று வீட்டுக்குள்ளேயே தட்டி, ஊரிலுள்ள தூசியை எல்லாம் என் தட்டுகளுக்கு அழைத்துவந்தார். வேலைக்கு நேரத்தோடு போகிறாயா? சாப்பிடுகிறாயா? தேதி நெருங்குகிறது என்று தினமும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி! அண்ணி! அண்ணி!

ஏழு தாளையும் தண்ணீரில் போட்டோம். ஆறு, ஏழு, எட்டு: கூழ். பத்து, பதினொன்று, பன்னிரண்டு: கூழ். ஒன்பது? இரண்டு நாள் கழித்தும் கிண்ணத்தில் கிடக்கிறது. சாவகாசமாக, விடுமுறைக்கு வந்த மாதிரி! எடுத்து இழுத்துப் பார்த்தோம். எங்கள் தாளைப்போல ஒன்றரை மடங்கு பாரம் தாங்கியது. தராசு தன் டீயை ஆறவிட்டுவிட்டார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது கெட்ட செய்தி. உங்கள் ஒன்பதாம் சீட்டில் இருக்கிறபடியே, எடை பிசகாமல், வெயிலில் வைத்து, பதினொரு தாள் செய்தோம். பதினொன்றும் கரைந்துவிட்டன. வெயில் போதவில்லையோ என்று தராசு தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிழலைத் துரத்தினார். அதுவும் கரைந்தது.

தலைவி, "ஒரு தாள் நின்னா அது அதிர்ஷ்டம்மா, முறை இல்ல. அந்தச் சீட்டுல ஏதோ விட்டுப்போயிருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணி நோட்டுல எதுவும் விட்டுப்போகாது மேடம். அது பொய் சொல்லாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவள் பேசுகிற பேச்சா இது என்று பிறகு எனக்கே சிரிப்பு வந்தது.

இன்னும் பதின்மூன்று நாள். அன்றைக்கு மாவு புதுப் பொட்டலமா? பாத்திரம் வேறா? நன்றாக யோசித்து எழுதுங்கள். என் மேசை இப்போது உங்கள் ஜன்னலில் தொங்குகிறது.

சுண்டெலி


ஏப்ரல் 11

என் கண்ணான சுண்டெலிக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நோட்டு பொய் சொல்லாது. எழுதினவள் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் தாள் வெயிலில் மஞ்சளாகவில்லை.

அன்று ரொட்டி சுட்டு எடுத்து ஓவனை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஒன்பதாம் தாள் ஜன்னலில் காய்ந்து, உரிக்கிற பதத்தில் தட்டோடு இருந்தது. உன் அண்ணன் பாயைத் தட்ட ஆரம்பித்தார். தூசி படக் கூடாதே என்று, எது மூடியிருக்கிறதோ அதற்குள் வைப்போம் எனத் தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அணைத்ததுதானே, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்துப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அம்மாவுக்காக வேண்டினேன், அப்புறம் உனக்காக, அப்புறம் உன் நாற்றுப்பண்ணைக்காரருக்காகக்கூட. அவர் நல்ல மனசோடு வரட்டும் என்று. கண்ணைத் திறந்தபோது ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஓடியிருந்தன. ஓவனைத் திறந்தால் ஓரமெல்லாம் டீக்கறை நிறம்.

நோட்டை எடுத்தேன். "ஓவனில் வைத்து மறந்துவிட்டேன்" என்று எழுதப் பேனா ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆகாசத்தைப் பார்க்கிறவள் என்று உன்னைச் சொன்ன வாய் இது. அதே மாதத்தில் நானே அடுப்பில் வைத்து மறந்தேன் என்று என் கையால் எழுதுவதா? "வெயில்" என்று எழுதினேன். இத்தனை வருஷ நோட்டில் பொய்யாக எழுதிய ஒரே வரி அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் பதினொரு தாளை வீணாக்கினீர்கள். அந்த நோட்டுக்காக நீ எல்லார் முன்னாலும் சத்தியம் பண்ணியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்தபோது சமையலறையில் நிற்கவே கூசியது.

உன் அண்ணனிடம் சொன்னேன். "அட, நீயும் மறப்பியா? எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?" என்றார். அவருக்குக் கொண்டாட்டம்.

அழுதுகொண்டு உட்கார்ந்தால் ஆகாது என்று மறுபடி செய்தேன். ஓவனுக்குள் தொங்கவிடுகிற தெர்மாமீட்டர் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும். கதவைத் திறக்காமலே குறித்துக்கொண்டேன். பதின்மூன்றாம் தாளை ரொட்டி வெளியே வந்ததும் அவசரப்பட்டு வைத்தேன். 190 டிகிரி இருந்தது. கருகிவிட்டது. பதினான்குக்கும் பதினைந்துக்கும் 150க்கு இறங்கும்வரை காத்திருந்தேன். இருபது நிமிடத்தில் 130, நாற்பதில் 112, ஒரு மணி நேரத்தில் 95. எழுபதாவது நிமிடம் எடுத்தேன்: 88. இரண்டையும் ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் எடுத்து உதறினால் படபடவென்றது.

உங்கள் தாள் வெளியே எடுத்ததும் வெடித்தது என்று எழுதியிருந்தாயே. நானும் ரொட்டியைச் சுடச்சுட எடுத்துக் காற்றில் வைத்தால் மேலே வெடிப்பு விடும். ஓவனிலேயே ஆறவிட்டால் விடாது. உங்கள் சூட்டில் தப்பில்லை என்று தோன்றுகிறது. கதவைத் திறக்க அவசரப்பட்டதில்தான் தப்பு. நான் மறந்துபோனதால் அவசரப்படவில்லை.

பதினான்கையும் பதினைந்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் ஐந்து, பிறகு ஏழு, இப்போது இரண்டு. நீ இழந்த பதினான்கும் வந்து சேர்ந்துவிட்டன.

இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்: பிரார்த்தனையில் ஒன்று, உன்னிடம் இங்கே ஒன்று. ஒரு இடத்திலிருந்து பதில் உடனே கிடைத்துவிட்டது, மனசு லேசானது. இன்னொரு பதில் தபாலில்தான் வரவேண்டும்.

அண்ணி


ஏப்ரல் 21

என் அருமை அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று பதில் எழுதாததற்குக் காரணம், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பை மூட்டியதுதான். முதல் தட்டு அறுபதாவது நிமிடம் இருக்கும்போது தராசு, "லேசா திறந்து பாக்கட்டுமா?" என்றார். "தொட்டீங்கன்னா உங்க டீத்தூளை சாக்கடைல கொட்டிருவேன்" என்றேன். எழுபதாவது நிமிடம் திறந்தோம். வெடிப்பே இல்லை.

நேற்று நாற்றுப்பண்ணைக்காரர் வந்தார். குட்டையான மனிதர், நகமெல்லாம் மண். எங்கள் வரைபடங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வீட்டுப் பூவாளியைத் தானே கொண்டுவந்திருந்தார். பத்துப் பையில் மண் நிரப்பி, நாற்று வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தோம். ஊற்றினார். நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றினார். ஒரு பைக்கு அடியில் கசிந்தது. அது தராசு ஒட்டின பை. தராசு இன்னும் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஒன்பது நின்றன. ஒரு பையைத் தூக்கி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது மண்ணுக்குள்ள போனா மக்குமா, இல்ல இதுவும் பிளாஸ்டிக் மாதிரி என்னைவிட அதிக நாள் இருக்குமா?" என்று கேட்டார். ஒன்பதாம் தாளிலிருந்து வெட்டி ஒரு வாரம் புதைத்து வைத்திருந்த துண்டைத் தோண்டிக் காட்டினேன். ஓரமெல்லாம் அரித்து இளகியிருந்தது. "சரி" என்றார். அந்த 'சரி'யைச் சட்டம் போட்டு மாட்டலாம். நாற்பது பை கேட்டிருக்கிறார், ஆறு வாரம் தன் பண்ணையில் வைத்துப் பார்க்க. ஆறு வாரம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் மேசை அங்கேயே இருக்கிறது. பெயிண்ட் டப்பாக்களை வேறு யாராவது தட்டட்டும்.

செய்முறைத் தாளில் ஏழாம் படி இப்படி இருக்கிறது: "அணைத்த அடுப்பில், கதவைத் திறக்காமல், எழுபது நிமிடம்." கூடத்தில் எல்லாரும் அதைப் 'பிரார்த்தனைப் படி' என்கிறார்கள். யாராவது கதவுப் பக்கம் போனால், "அண்ணி இன்னும் எழுந்திருக்கல" என்று கத்துகிறோம்.

இப்போது என் முறை. பதினான்கு தாளையும் கூடத்திலிருந்து வெளியே எடுத்துவரக் கூடாது என்பது விதி. விடுமுறையில் பூட்டிவிடுவார்கள், காற்றில் தொங்காவிட்டால் கெட்டுவிடும் என்று திருட்டுத்தனமாக எடுத்து வந்தேன். குளிக்கப் போகுமுன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சொல்லவில்லை, ஏனென்றால் ஜன்னலில் நின்று ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அப்புறம் என் பதிவேட்டில், "கூடத்து ஜன்னலோரம் இருந்த மாதிரிகள் மழையில் நனைந்து கரைந்தன" என்று எழுதினேன். ஆமாம் அண்ணி. நீங்கள் வெயில் என்று எழுதினீர்கள், நான் மழை என்று எழுதினேன். என் தப்பு வெளியே வரக் கூடாது என்பது பாதி. "உன் வீட்டுல எவ அப்படிக் கழுவுனவ?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது மீதி.

நேற்று தலைவியிடம் சொல்லிவிட்டேன். திட்டினார், முழுசாக. பிறகு பதிவேட்டைத் திறந்து மழையை அடித்துவிட்டு, தன் கையாலேயே எழுதினார்: "முதல் கழுவல் சோதனை, மார்ச் 1. சோதித்தவர்: அண்ணி. முடிவு: பதினான்கும் தோல்வி."

இத்துடன் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். கழுவிப் பாருங்கள்.

உங்கள் சுண்டெலி

இனிமேல் பேசலாம். போன் பண்ணட்டுமா?


ஏப்ரல் 27

அன்புள்ள சுண்டெலிக்கு,

போன் பண்ணு. ஆனால் கடிதத்தை நிறுத்திவிடாதே. போனில் உன் பேச்சுக்கு நடுவே நான் ஒரு வார்த்தை நுழைக்கப் பத்து வருஷமாக முயற்சி செய்கிறேன்.

பை வந்தது. கழுவினேன். முதலில் வெறும் தண்ணீரில், பயந்து பயந்து. பிறகு சோப்புப் போட்டு. மூன்றாவது தடவை பாத்திரம் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்தேன். உன் அண்ணன் ஓடிவந்து, "போதும்மா, பாவம், அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார். அலசி, அதே ஜன்னலில், அதே கயிற்றில், அதே கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டேன். சாயங்காலம்வரை வேலையே ஓடவில்லை. போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்து ஒரு தடவை சிரித்துக்கொண்டேன்.

நோட்டில் ஒன்பதாம் தாளின் வரியை அடித்தேன். கிழிக்கவில்லை, தெரியும்படி ஒரு கோடுதான் போட்டேன். பக்கத்தில், "ஓவன், எழுபது நிமிடம், மறந்துவிட்டேன்" என்று எழுதினேன். அதற்குக் கீழே: "இரண்டாம் கழுவல் சோதனை. சோதித்தவர்: நான். முடிவு: இருக்கிறது."

மறுநாள் அந்தப் பையில் மண் போட்டு, எதிர்வீட்டு அம்மா கொடுத்த தக்காளி நாற்றை வைத்தேன். நேற்று பையோடு பின்பக்கத் தொட்டியில் நட்டாயிற்று. உள்ளே மக்குகிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொல்லி உன் அண்ணன் காலையிலிருந்து நச்சரிக்கிறார். நான் தொடவில்லை. உன் பொருளை இனி நீ இல்லாமல் தொடுவதாக இல்லை.

நீ வந்து தோண்டு. வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லிவிடு. தட்டு வைத்திருப்பேன், இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அண்ணி